பந்தை ஏந்தாத வீரர்: சாலமன் எலிமிமியனின் ஆட்ட வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர் எழுதியது)

விளையாட்டுச் செய்திகளை விரும்பிப் படிக்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. வெற்றி கோலை அடித்தவர் யார் என்று கேட்டால் பத்துப் பேர் ஒரே குரலில் விடை சொல்வார்கள். அதே ஆட்டத்தில் எதிரியின் கோலைத் தடுத்தவர் யார் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். ஆக்குபவருக்கு மாலை, காப்பவருக்கு ஒரு கைதட்டல். உலகெங்கும் வழக்கம் இதுதான்.

கனடா நாட்டின் தொழில்முறைக் கால்பந்திலும் அப்படித்தான் இருந்தது. அங்கே ஆண்டின் தலைசிறந்த வீரர் என்ற பரிசு 1953-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகிறது. 2013 வரை அதைப் பெற்றவர்களுள் தற்காப்பை மட்டுமே ஆடிய வீரர் ஒருவர்கூட இல்லை. 2014-இல் அந்த வழக்கம் உடைந்தது. உடைத்தவர் சாலமன் எலிமிமியன். அவர் ஆடிய இடத்தின் பெயர் லைன்பேக்கர். அவர் எப்படி அந்தப் பரிசுக்கு வந்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார், அதன் பின் என்ன செய்தார் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் இயல்பு

கனடியக் கால்பந்து என்றதும் நாம் மாலை வேளையில் மைதானத்தில் உதைக்கும் உருண்டைப் பந்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பந்து முட்டை வடிவம் உடையது. கையில் ஏந்தி ஓடலாம், முன்னோக்கி எறியலாம், உதைக்கவும் செய்யலாம். அமெரிக்கக் கால்பந்தின் உடன்பிறப்பு என்று இதைச் சொல்லலாம். ஆனால் அண்ணன் தம்பி இருவர் குணமும் ஒன்றாக இருப்பதில்லையே!

தாக்கும் அணி 10 கெஜ தூரம் முன்னேறியாக வேண்டும். அதற்கு அமெரிக்காவில் நான்கு முயற்சிகள் தருகிறார்கள், கனடாவில் மூன்றுதான். மூன்றாவது முயற்சியில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரியிடம் தள்ளிவிடுவதால், உண்மையில் இரண்டே முயற்சிகளில் 10 கெஜம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே மெல்ல மெல்ல நகர்வதற்குப் பொழுதில்லை. பந்தைத் தூர எறிந்தே ஆக வேண்டும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக்; அவரே தாக்கும் அணியின் தலைவர் போன்றவர்.

எதிரே தற்காப்பு அணி நிற்கிறது. அதன் முன் வரிசையில் மலைபோன்ற உடலினர் நிற்பார்கள். கடைசியில் மான்போல் ஓடுபவர்கள் நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பவர்தாம் லைன்பேக்கர். பந்தை ஏந்தி ஒருவன் நேரே ஓடி வந்தால் முன்னே பாய்ந்து அவனை மடக்கித் தரையில் வீழ்த்த வேண்டும். பந்து தலைக்கு மேலே எறியப்படுமானால் பின்னே ஓடி அதைத் தடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக் தனியே நின்றால் அவரையே போய்ப் பிடிக்க வேண்டும். மூன்று வேலைகளுள் எது என்பதை அரை நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். தவறினால் முப்பதாயிரம் பேர் பார்த்திருக்க எதிரி அவரைக் கடந்து போய்விடுவான்! மடக்கி வீழ்த்தும் இந்தச் செயலை டாக்கிள் என்கிறார்கள். லைன்பேக்கருக்குப் பந்து கைக்கு வருவதே அரிது. அவருக்குரிய கணக்கு டாக்கிள் கணக்குத்தான்.

இங்கே ஒரு சிறு கணக்கு. கணித மாணவன் என்ற உரிமையில் இதைச் செய்து பார்த்தேன். அலுப்புத் தட்டினால் நண்பர்கள் பொறுத்தருள்க. எலிமிமியன் ஆடிய ஆண்டுகளில் கனடிய ஆடுகளத்தின் நீளம், கோல் பகுதிகள் நீங்கலாக, 110 கெஜம். அகலம் 65 கெஜம். பரப்பு 7,150 சதுர கெஜம். அமெரிக்கக் களம் 100 கெஜ நீளமும் 53 கெஜம் ஓர் அடி அகலமும் உடையது. பரப்பு ஏறக்குறைய 5,333 சதுர கெஜம். கனடாவில் ஓர் அணிக்கு 12 பேர். அமெரிக்காவில் 11 பேர். வகுத்துப் பார்த்தால் தற்காப்பு வீரர் ஒருவர் காக்க வேண்டிய நிலம் அமெரிக்காவில் சுமார் 485 சதுர கெஜம். கனடாவிலோ சுமார் 596. ஆளுக்கு ஏறத்தாழ 23 விழுக்காடு அதிகம்! ஓர் ஆள் கூடுதலாக இருந்தும் நிலம் அதைவிட வேகமாகப் பெருகிவிட்டது.

இதோடு இன்னொன்று. அமெரிக்க விதிப்படி ஆட்டம் தொடங்கும் நொடியில் ஒரே ஒரு தாக்கும் வீரர்தான் நகரலாம்; அவரும் முன்னோக்கி நகரக் கூடாது. கனடாவில் பின்வரிசையினர் பலரும் பந்து எடுக்கப்படும் முன்பே எதிரியை நோக்கி ஓடத் தொடங்கலாம். ஆகவே பந்து அசையும்போதே ஓட்டக்காரர் முழு வேகத்தில் இருப்பார். காப்பவரோ நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டும். ஆரம்பத் திசைவேகம் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்குச் சுழி. இயக்கவியல் படித்த நமக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். முன் வரிசைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு கெஜம் இடைவெளி விட வேண்டும் என்ற கனடிய விதியும் தாக்குபவருக்கே உதவுகிறது.

இந்தக் காரணங்களால் கனடாவில் லைன்பேக்கருக்கு எடையைவிட ஓட்டமே முதல் தேவை. அமெரிக்கக் கழகங்கள் சிறியவர் என்று ஒதுக்கிய பலர் அங்கே பேர் பெற்றதன் காரணம், என் எண்ணத்தில், இந்த நில அளவிலேயே இருக்கிறது.

ஒதுக்கப்பட்டவர்

எலிமிமியன் 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 21-இல் பிறந்தவர். நைஜீரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வளர்ந்தவர். அங்கே கிரென்ஷா உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவருடைய அண்ணன் ஆபிரகாமும் அதே பல்கலைக்கழக அணியில் ஆடியவரே. 2007-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஹவாய் அணி தன் 12 ஆட்டங்களிலும் தோல்வியே காணாமல் வந்தது; 2008 புத்தாண்டு நாளில் ஜார்ஜியாவிடம் 41-10 என்று தோற்றது. மறு பருவத்தில் எலிமிமியன் தம் பல்கலைக்கழகப் பிரிவின் சிறந்த தற்காப்பு வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2009-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்கள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தன. ஏழு சுற்றுகள், 256 பெயர்கள். எலிமிமியனின் பெயர் அவற்றுள் இல்லை. உயரம் ஏறக்குறைய ஆறடி, எடை ஏறக்குறைய 225 பவுண்டு. நமக்கு அவர் பீமசேனனாகத் தோன்றுவார். அமெரிக்கக் கழகங்கள் தேடிய லைன்பேக்கரோ அவரைவிட ஓரிரு அங்குலம் உயர்ந்தவர், பத்து இருபது பவுண்டு கனத்தவர். பஃபலோ பில்ஸ் அணி பயிற்சி முகாமில் சேர்த்துக்கொண்டது. பருவம் தொடங்கும் முன் விடுவித்தது. பட்டம் பெற்றும் வேலைக்கான ஆணை வராமல் காத்திருப்போரை அறிந்தவர்களுக்கு அந்த ஆண்டு எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2010-இல் வான்கூவர் நகரின் பிரிட்டிஷ் கொலம்பியா லயன்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டே கனடியக் கழகத்தின் தலைசிறந்த புதுமுகம் என்ற பரிசு அவருக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 2011, லயன்ஸ் அணியின் வரலாற்றில் வியப்பான ஆண்டு. முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி! ஏழு ஆட்டங்கள் முடிந்தபோது ஒன்றில் மட்டுமே வெற்றி. வேறு அணியாயிருந்தால் பயிற்சியாளரை மாற்றியிருப்பார்கள். வாலி பியூனோ என்ற பயிற்சியாளர் அசையாமல் இருந்தார். மீதி பதினோரு ஆட்டங்களில் பத்தை வென்று, 11-7 என்ற கணக்கோடு பருவத்தை முடித்து, நவம்பர் 27-இல் சொந்த ஊர் மைதானத்திலேயே வின்னிபெக் அணியை 34-23 என்று வென்று கிரே கோப்பையைக் கைப்பற்றினார்கள். 1909 முதல் ஆடப்படும் கோப்பை அது; கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த கிரே பிரபு அளித்தது. அன்று லயன்ஸ் அணியில் ஆர்லன்ட் புரூஸ் என்ற பந்து பிடிக்கும் வீரரும் இருந்தார். இந்தப் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

கோப்பைக்குப் பின் 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி அவரை அழைத்தது. மீண்டும் அதே கதை. பருவம் தொடங்கும் முன் விடுவித்துவிட்டார்கள். வான்கூவருக்கே திரும்பினார். ஊதிய வேற்றுமையைப் பார்த்தால் அவர் ஏன் இரண்டாம் முறையும் அந்தக் கதவைத் தட்டினார் என்பது விளங்கும். 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் அமெரிக்கக் கழகத்தில் புதுமுக வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 4,95,000 அமெரிக்க டாலர். கனடியக் கழகத்தில் குறைந்தபட்சம் 54,000 கனடா டாலர். ஒரே ஆட்டம், ஒரே வலி. கூலி மட்டும் ஒன்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

143

லயன்ஸ் அணியில் எலிமிமியனுக்கு ஏற்ற தோழர் ஒருவர் வாய்த்தார். அவர் ஆடம் பிக்ஹில். உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அவரையும் அமெரிக்கக் கழகங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒதுக்கப்பட்ட இருவரும் அருகருகே நின்று ஆடிய அந்த ஆண்டுகளில் லயன்ஸ் அணியின் நடுப்பகுதியைக் கடப்பது எளிதாயிருக்கவில்லை. பிக்ஹில் பிற்காலத்தில் சிறந்த தற்காப்பு வீரர் பரிசை 2015, 2018, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெற்றார் என்றால் அவர் திறமையைக் கூறவும் வேண்டுமோ?

ஒரு பருவத்தில் ஒருவர் செய்த டாக்கிள்களின் உச்சக் கணக்கு 1994 முதல் 129 ஆக இருந்தது. கால்வின் டிகில் நிறுவியது. 2012-இல் எட்மன்டன் அணியின் ஜே.சி. ஷெரிட் 130 செய்து அதை ஒன்றால் வென்றார். பதினெட்டு ஆண்டுகளில் ஒன்றே ஒன்று கூடிய எண் அது. 2014-இல் எலிமிமியன் செய்தவை 143! ஒன்று இரண்டு என்று ஏறி வந்த கணக்கு ஒரே தாவலில் பதின்மூன்று ஏறியது. அந்தப் பருவ முடிவில் சிறந்த தற்காப்பு வீரர் பரிசும் அவருக்கே. அதற்கு மேல், டொரான்டோ அணியின் குவார்ட்டர்பேக் ரிக்கி ரே இறுதிப் போட்டியாளராக இருக்க, ஆண்டின் தலைசிறந்த வீரர் பரிசும் அவருக்கே.

இங்கே ஒரு தடையை நானே எழுப்பிக்கொள்கிறேன். டாக்கிள் எண்ணிக்கை நேர்மையான அளவுகோலா? எதிரியை நின்ற இடத்திலேயே வீழ்த்தினாலும் ஒன்று. அவன் எட்டு கெஜம் ஓடிய பின் வீழ்த்தினாலும் ஒன்று. தன் அணியின் தாக்குதல் பலவீனமாயிருந்தால் தற்காப்பினர் களத்தில் நெடுநேரம் நிற்க நேரும். டாக்கிள் வாய்ப்பும் பெருகும். 2014-இல் லயன்ஸ் அணியின் கணக்கு ஒன்பது வெற்றி, ஒன்பது தோல்வி. அரையிறுதியில் மான்ட்ரியலிடம் 50-17 என்று படுதோல்வி. ஆகவே 143 என்ற எண்ணை மட்டும் காட்டி, "பாருங்கள், இவரே மிகச் சிறந்தவர்" என்று வாதிட்டால் புள்ளியியல் வகுப்பில் நம்மை எழுப்பி நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் அந்தத் தடையை மறுபக்கமும் திருப்பலாம். குவார்ட்டர்பேக் எறிந்த தூரத்தை எண்ணும்போது, பிடித்தவரின் திறமையையும் அவர் கணக்கிலேயே சேர்க்கிறோம். அதை யாரும் நேர்மையற்றது என்பதில்லை. காப்பவரின் சிறந்த வேலை எண்ணுக்கே வராதது. அவர் நிற்பதைப் பார்த்து எதிரி அந்தப் பக்கம் வராமலே போனால் அதை எந்த ஏட்டில் குறிப்பது? அறுபது ஆண்டுகள் ஒரு தற்காப்பு வீரரும் அந்தப் பரிசைப் பெறாததற்குத் திறமைக் குறைவு காரணமாயிருக்க முடியாது. கால்கரி அணியில் 1961 முதல் 1972 வரை ஆடிய வேன் ஹாரிஸ் என்ற லைன்பேக்கர் 1971-ஆம் ஆண்டுக் கிரே கோப்பை இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கழகத்தின் சிறந்த வரிசை வீரர் பரிசைப் பலமுறை பெற்றவர். அவருக்குக்கூட ஆண்டின் தலைசிறந்த வீரர் பரிசு எட்டவில்லை. தற்காப்பு வீரருக்கென்று தனிப் பரிசு ஏற்பட்டதே 1974-இல்தான். எண்ணிப் பார்க்க வழி தெரியாததைப் பாராட்டவும் வழி தெரியாமல் இருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். எலிமிமியன் செய்தது, கண்ணை மூடிக்கொள்ள முடியாத அளவுக்கு எண்ணைப் பெரிதாக்கியதுதான்.

உடல் கொடுத்த விலை

2015 ஆகஸ்டில் ஓர் ஆட்டத்தின் நடுவே அவருடைய குதிகால் நாண் அறுந்தது. கணுக்காலுக்குப் பின்னே கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நாண் அது, ஓடுபவருக்கு உயிர்நாடி. பருவம் அத்தோடு முடிந்தது. லைன்பேக்கருக்கு முதல் தேவை ஓட்டம் என்று மேலே கூறினேன், அறுந்ததும் அதுவே. பலருடைய ஆட்ட வாழ்வு இந்தக் காயத்தோடு முடிந்திருக்கிறது. இவரோ 2016-இல் திரும்பி வந்து மறுபடியும் சிறந்த தற்காப்பு வீரர் பரிசைப் பெற்றார். 2017-இல் 144 டாக்கிள்கள். தம் உச்சக் கணக்கைத் தாமே முறியடித்தார். 18 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஆட்டத்துக்குச் சரியாக எட்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு சிறந்த தற்காப்பு வீரர் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கால்கரியின் அலெக்ஸ் சிங்கிள்டனுக்குப் போயிற்று. எண்ணை மட்டும் பார்த்துப் பரிசளிப்பதில்லை என்று நடுவர்கள் அப்போது காட்டிவிட்டார்கள் போலும்!

ஒரு டாக்கிள் என்பது உடலுக்கு என்ன? 102 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் பாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல், நாம் அறிந்த வாய்பாட்டின்படி, ஏறக்குறைய 2,500 ஜூல். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் வெளிப்படும் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவே. எதிரே வருபவனும் சும்மா நிற்பதில்லை. அவனும் ஓடி வருகிறான். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை, உடல் திடீரென்று நின்றதும் நிலைமம் காரணமாக மேலும் நகரப் பார்க்கிறதே, அதை எந்தக் கவசம் காக்கும்? மூளை அதிர்ச்சி என்று மருத்துவர்கள் கூறும் காயத்தின் மூலம் இதுதான்.

இப்போது ஆர்லன்ட் புரூஸிடம் வருவோம். 2011-இல் எலிமிமியனோடு கோப்பையை ஏந்திய அதே வீரர். 2012-இல் லயன்ஸ் அணிக்கு ஆடும்போது மூளை அதிர்ச்சி அடைந்ததாகவும், முழுக் குணம் பெறும் முன்பே மீண்டும் ஆட விடப்பட்டதாகவும் கூறி, 2014-இல் கழகத்தின் மீதும் பிறர் மீதும் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் கூறியது உண்மையா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. வீரர் சங்கத்துக்கும் கழகத்துக்கும் கூட்டு ஒப்பந்தம் இருப்பதால், இது நடுவர் தீர்ப்பாயத்துக்குரிய தொழில் தகராறு, நீதிமன்றத்துக்குரியதன்று என்று 2016-இல் தள்ளுபடி செய்தார்கள். மேல்முறையீடும் 2017-இல் தள்ளுபடியாயிற்று. 2018 மார்ச்சில் கனடாவின் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கேட்கவே மறுத்துவிட்டது.

சரி, வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த மாநிலத்தில் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள். சுரங்கத்தில் கால் ஒடிந்தவருக்கு உள்ள பாதுகாப்பு மைதானத்தில் கால் ஒடிந்தவருக்கு இல்லை. விரும்பி ஆடுகிறார்கள், புகழும் பணமும் வருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். 54,000 டாலர் ஊதியத்தில் எத்தனை புகழ் அடங்கும் என்று தெரியவில்லை.

வீரர் சங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில், அதாவது எலிமிமியன் 144-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்த அதே பருவத்தில், முழுக் கவசம் அணிந்து மோதிப் பயிற்சி செய்வதைப் பருவக் காலத்தில் கைவிடுவதென்று கழகமும் சங்கமும் உடன்பட்டன. ஆட்டநாளில் படும் அடியே போதும், பயிற்சியிலும் படவேண்டாம் என்பது கருத்து. 2018 முதல் ஒவ்வோர் அணிக்கும் ஓய்வு வாரங்கள் மூன்றாயின.

2018-இல் எலிமிமியனுக்கு மணிக்கட்டுக் காயம். பருவத்தின் பெரும்பகுதி வீணாயிற்று. 2019-இல் லயன்ஸ் அணி அவரை விடுவித்தது. அந்த அணிக்காக இரண்டு முறை உச்சக் கணக்கை நிறுவியவர். 2011-ஆம் ஆண்டுக் கோப்பைக் காலத்தில் உடன் நின்றவர்! ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் உறுதி என்று ஏதும் இல்லை. அந்நாளில் கனடியக் கழகத்தில் எவருக்கும் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். யாருக்கு வேலை கிடைத்தது என்று சொன்னாலும் என் தந்தையார் கேட்கும் முதல் கேள்வி, "நிரந்தரமா?" என்பதுதான். சம்பளம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வியே. இந்த மாவீரரின் வேலையைப் பற்றி அவரிடம் சொன்னபோதும் அதையே கேட்டார். இல்லை என்றேன். "அப்போ கூலி வேலைதான்" என்றார். சஸ்காச்சுவான் அணியில் 2019-ஆம் ஆண்டு ஆடினார். அதுவே அவர் களத்தில் ஆடிய கடைசிப் பருவம்.

சங்கத்தின் தலைவர்

2020-இல் கனடியக் கால்பந்து வீரர் சங்கத்துக்குத் தலைவராக எலிமிமியன் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி ஏற்ற வேளை அப்படி! கொரோனா பரவியது. ஆகஸ்ட் 17-இல் அந்த ஆண்டுப் பருவமே கைவிடப்பட்டது. 1919-க்குப் பிறகு கிரே கோப்பை ஆடப்படாத முதல் ஆண்டு அதுவே. ஆட்டமில்லை, ஆகவே ஊதியமும் இல்லை. 2021-இல் 14 ஆட்டங்களாகச் சுருக்கி மீண்டும் தொடங்கினார்கள்.

2022 மே மாதத்தில் பழைய ஒப்பந்தம் காலாவதியானது. புது ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. மே 15-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1974-க்குப் பின் அதுவே முதல் வேலைநிறுத்தம். ஒன்பது அணிகளுள் ஏழு அணியினரே அன்று நிறுத்தத்தில் இறங்க முடிந்தது. எட்மன்டனும் கால்கரியும் அமைந்துள்ள ஆல்பர்ட்டா மாநிலத்தின் தொழிலாளர் சட்டம் அந்த நாளில் அதற்கு இடம் தரவில்லை. நான்கு நாட்களில், மே 18-இல், இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

நான் வியந்தது அதற்குப் பின் நடந்ததைக் கண்டுதான். சங்கத் தலைவர்கள் உடன்பட்டு வந்ததை உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் மே 23-இல் நிராகரித்துவிட்டார்கள்! கனடிய வீரர்களுக்குரிய இட ஒதுக்கீட்டில் செய்யப்பட்ட மாற்றம் பற்றிய மனக்குறை ஒரு முக்கியக் காரணம். எலிமிமியன் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டில் வெளிநாட்டு வீரர் எத்தனை பேர், உள்நாட்டு வீரர் எத்தனை பேர் என்று ஒவ்வோர் அணிக்கும் வரம்பு உண்டு. ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். அப்படிப்பட்ட இரு சாராருக்கும் ஒரே சங்கம், ஒரே தலைவர். அவரும் மற்றவர்களும் மீண்டும் பேசப் போனார்கள். மே 26-இல் திருத்திய ஒப்பந்தம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஏழாண்டு ஒப்பந்தம். அதில், ஒரே அணியில் தொடரும் வீரருக்கு ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியேனும் உறுதி என்ற விதி அக்கழக வரலாற்றில் முதன்முறையாக இடம் பெற்றது. பகுதிதான், முழுமையும் இல்லை. கவசப் பயிற்சியையும் ஓரளவு திரும்ப அனுமதிக்க வேண்டியதாயிற்று. கொடுத்தும் வாங்கியும் எழுதிய தாள் அது.

2023-இல் ஹாமில்டன் நகரிலுள்ள கனடியக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பத்துப் பருவங்கள், 800-க்கு மேற்பட்ட டாக்கிள்கள், ஒரு கோப்பை, தற்காப்பு வீரர் எவரும் முன்பு பெறாத ஒரு பரிசு. அவர் தலைவராயிருந்தபோது எழுதப்பட்ட அந்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் விதி இந்தக் கணக்கில் சேராது. குதிகால் நாண் அறுந்த வேறொரு லைன்பேக்கர், அடுத்த ஆண்டு ஊதியத்தில் பாதியாவது வருமா என்று கேட்கும் நாளில் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.